கண்ணுக்குத் தெரியாத வெளிச்சத்துக்கு ஒரு பச்சைப் பொடி

தமிழக-கேரள எல்லையில் கோவிந்தாபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டி முதலமடைப் பக்கம் திரும்பினால், பிப்ரவரியிலேயே மாங்காய் மண்டிகள் நிறைந்துவிடும். தகரக் கொட்டகை, வைக்கோல், பழைய நாளிதழ், அடுக்கடுக்காகக் கிரேட்டுகள். பாதிப் பேச்சு தமிழ், பாதி மலையாளம், விலை மட்டும் கைவிரலில். போன சீசனில் அங்கே ஒரு புதுச் சாமானைப் பார்த்தேன். வெளியூர் வியாபாரியோடு வந்த பையன் துப்பாக்கி மாதிரி ஒரு மீட்டரைப் பங்கனப்பள்ளிக் காயின் கன்னத்தில் அழுத்துகிறான். இரண்டு நொடியில் திரையில் ஒரு எண். காயை வெட்டவில்லை, கீறவில்லை.

"ஏனுங் மாஷே, இது எக்ஸ்ரே தானுங்க?" என்றார் கிரேட் எண்ணிக்கொண்டிருந்த பெரியவர். (இந்தப் பக்கம் வாத்தியார் என்றால் தமிழ் பேசுகிறவர்களுக்கும் மாஷ்தான்.) "இல்லீங்க, லேசரு" என்றார் இன்னொருவர். மூன்றாமவருக்கு விவரம் தெரியும். "டிவி ரிமோட்ல வர்ற இன்ஃப்ராரெட்டுங்க அது. காயைச் சூடு பண்ணித்தான் இனிப்பைப் பாக்குது."

முதல் இரண்டும் தப்பு. மூன்றாவது பாதி சரி, பாதி தப்பு. அந்தப் பாதித் தப்புதான் எங்கும் பரவிக் கிடக்கிறது. இதே ஒளியை விடும் விளக்குக்காகப் புதுப் பொடி கண்டுபிடித்தார்கள், 90 சதவீதம் திறன் என்று வருகிற செய்திகளைப் படிப்பவர்களும் அதே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். எம்.எஸ்ஸி படித்த காலத்தில் ஒரு வருடம் அந்தப் பொடியை அரைத்தவன் என்ற உரிமையில், அடியிலிருந்து சொல்லிப் பார்க்கிறேன்.

அகச்சிவப்பு என்றால் சூடு இல்லை

1800இல் வில்லியம் ஹெர்ஷல் சூரிய ஒளியைப் பட்டகத்தில் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் ஒரு வெப்பமானியை வைத்துப் பார்த்தார். சிவப்புக்கு அப்பால், ஒன்றுமே தெரியாத இடத்திலும் வெப்பமானி ஏறியது. இன்ஃப்ராரெட் என்கிற அகச்சிவப்பு அப்படித்தான் பிடிபட்டது. வெப்பமானியால் பிடித்ததாலோ என்னவோ, 'அகச்சிவப்பு என்றால் சூடு' என்ற எண்ணம் இன்றுவரை விடவில்லை.

எந்த ஒளியையும் ஒரு பொருள் விழுங்கினால் அது சூடாகும். பச்சை ஒளியும் சூடாக்கும். அகச்சிவப்புக்கு அதில் தனிப் பட்டா கிடையாது. நம் உடம்பின் சூட்டிலிருந்து கிளம்பும் அகச்சிவப்பு பெரும்பாலும் 10,000 நானோமீட்டரை ஒட்டியது. (நானோமீட்டர் என்பது ஒரு மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு. ஒளியின் அலைநீளத்தை, அதாவது அலையின் ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் உள்ள தூரத்தை, இதில்தான் அளப்பார்கள்.) வெப்பக் கேமரா பார்ப்பது அதை. மாங்காய் மீட்டர் பயன்படுத்துவது கிட்டத்தட்ட 700 முதல் 1100 நானோமீட்டர் வரை, சிவப்புக்கு அடுத்த வீடு. இதற்கு அண்மை அகச்சிவப்பு என்று பெயர்.

இந்த ஒளி சதைக்குள் போகும். கைபேசியின் டார்ச்சை விரல் நுனியில் அழுத்திப் பிடியுங்கள். விரல் சிவப்பாக எரிவது போலத் தெரியும். வெள்ளை ஒளியில் நீலமும் பச்சையும் ரத்தத்தில் மாட்டிக்கொள்ள, சிவப்பு தப்பித்து வெளியே வருகிறது. அண்மை அகச்சிவப்பு இன்னும் நன்றாகத் தப்பிக்கும். மாங்காயிலும் அப்படித்தான். தோலைத் தாண்டிச் சதைக்குள் கொஞ்ச தூரம் போய், அங்கே சிதறித் திரும்பி வரும்போது, எந்தெந்த அலைநீளத்தில் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று மீட்டர் பார்க்கிறது. 970 பக்கம் குறைந்தால் அது தண்ணீர். 900க்கு மேலே கொஞ்ச தூரத்தில் சர்க்கரையும் மாவும் தங்கள் அடையாளத்தை விடுகின்றன. இந்தக் குறைகளிலிருந்து உலர் எடையை, அதாவது காயிலிருந்து தண்ணீரை எடுத்துவிட்டால் மிஞ்சுவது எத்தனை சதவீதம் என்பதைக் கணக்கிட்டுத் திரையில் போடுகிறது. பழுக்கும்போது இனிப்பாக மாறப்போகும் சரக்கு அதற்குள்தான் இருக்கிறது.

பெரியவரும் இதையே வேறு வழியில் செய்கிறார். வாளித் தண்ணீரில் காயைப் போடுவார். முத்தின காய் அமிழும், பிஞ்சு மிதக்கும்.

இதுவரை சொன்னதில் பிடித்துக்கொள்ள வேண்டியது: இங்கே வேலை செய்வது சூடு இல்லை. ஒளி உள்ளே போய் எதை இழந்து திரும்புகிறது என்பதே செய்தி.

ரிமோட்டில் இருக்கிற எல்.இ.டி. போதாதா?

போதாது. டிவி ரிமோட்டின் எல்.இ.டி. பெரும்பாலும் 940 நானோமீட்டரை ஒட்டி, ஐம்பது நானோமீட்டர் அகலத்துக்குள் ஒளி விடும். ஆர்மோனியத்தில் ஒரே ஒரு கட்டையை அழுத்துவது மாதிரி. கதவு மணிக்கு அது போதும், பாட்டுக்குப் போதாது. மாங்காய்க்குள் எங்கெங்கே ஒளி குறைகிறது என்று ஒப்பிட வேண்டுமென்றால் 700 முதல் 1100 வரை எல்லாக் கட்டைகளும் ஒரே சமயத்தில் ஒலிக்க வேண்டும்.

பத்து விதமான எல்.இ.டி.களை வரிசையாக வைத்துப் பார்க்கலாம்தான். நடுவில் இடைவெளி விழும். ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேகத்தில் மங்கும். சூடானால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு நகரும்.

அதனால்தான் இன்றும் பல கைமீட்டர்களுக்குள் இருப்பது குட்டி ஹாலஜன் பல்பு. உண்மையைச் சொன்னால் ஹாலஜன் மோசமான அகச்சிவப்பு விளக்கு இல்லை. உள்ளே போகும் மின்சாரத்தில் பெரும்பகுதியை அது அகச்சிவப்பாகத்தான் கொட்டுகிறது. ஆனால் கொட்டுவது 2500 நானோமீட்டருக்கு அப்பாலும் பரவிக் கிடக்கிறது. நமக்கு வேண்டியது அதில் ஒரு துண்டு. மிச்சம் எல்லாம் கருவியையும் காயையும் சூடாக்க மட்டும். போட்டவுடன் நிலைக்கு வராது, இழை அறுந்துவிடும், பேட்டரியைத் தின்னும். அந்தப் பையனின் மீட்டர் பதினொன்றரை மணிக்கெல்லாம் சார்ஜுக்குப் போய்விட்டது.

பாஸ்பர் என்கிற பொடி

இங்கேதான் பொடி வருகிறது. பாஸ்பர் என்றதும் பலர் பாஸ்பரஸ் என்று படித்துவிடுகிறார்கள், தீப்பெட்டி ஞாபகத்தில். இரண்டுக்கும் உறவு பெயரில் மட்டும். ஒரு ஒளியை விழுங்கி வேறு நிற ஒளியாக வெளியே விடும் பொருள் எதுவானாலும் அது பாஸ்பர்தான்.

நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். பழுதான எல்.இ.டி. பல்பின் மூடியைக் கழற்றினால் உள்ளே மஞ்சள் பொட்டுகள் இருக்கும். அந்த மஞ்சளுக்கு அடியில் இருப்பது நீல எல்.இ.டி. நீலத்தில் ஒரு பங்கை மஞ்சள் பொடி விழுங்கி மஞ்சளாகத் துப்புகிறது. தப்பித்த நீலமும் அதுவும் கலந்து நம் கண்ணுக்கு வெள்ளை. அந்த நீல எல்.இ.டி.க்காகத்தான் அகாசாகி, அமானோ, நாகமுரா மூவருக்கும் 2014இல் இயற்பியல் நோபல். மஞ்சள் பொடிக்குள் வேலை செய்வது சீரியம் என்ற தனிமம். அது ஒன்றும் தூரத்துச் சரக்கு இல்லை. கேரளக் கரையில் சவராவிலும், நம் பக்கம் மணவாளக்குறிச்சியிலும் கடற்கரை மணலில் கிடைக்கும் மோனசைட்டில் நிறையவே உண்டு.

மஞ்சள் பொடியை எடுத்துவிட்டு, நீலத்தை விழுங்கி அண்மை அகச்சிவப்பை விடும் இன்னொரு பொடியை வைத்தால்? அதுதான் மொத்த யோசனை. நீல ஒளி விடும் சில்லு பழைய சில்லுதான், மலிவு, நம்பகமானது. கஷ்டம் முழுக்கப் பொடியில்.

குரோமியமும் செண்டைக் கயிறும்

அந்தப் பொடிகளில் அதிகம் பேசப்படுவது குரோமியம் சேர்த்தவை. பொடியில் இரண்டு பாத்திரங்கள் உண்டு. ஒன்று வீடு: ஆக்சிஜனும் உலோகங்களும் ஒழுங்காக அடுக்கிய படிகம். இன்னொன்று வாடகைக்கு வந்தவர்: அந்த வீட்டில் நூறில் சில இடங்களில் மட்டும் உட்காரும் குரோமியம் அயனி. (அயனி என்றால் எலக்ட்ரான்களை இழந்தோ பெற்றோ மின்னூட்டம் ஏறிய அணு. இங்கே மூன்று எலக்ட்ரான்களை இழந்த குரோமியம்.) ஒளிர்வது வாடகைக்காரர்தான், ஆனால் என்ன நிறத்தில் என்பதை வீடு முடிவு செய்கிறது.

எப்படி என்பதற்குச் செண்டையை நினைத்துக்கொள்ளுங்கள். கயிற்றை இறுக்கினால் கூர்மையாக, மேலே போய் ஒலிக்கும். தளர்த்தினால் சத்தம் கீழே இறங்கும், பரந்துபோகும். குரோமியத்தைச் சுற்றி ஆறு ஆக்சிஜன்கள் கூண்டு கட்டி நிற்கின்றன. அந்தக் கூண்டின் இறுக்கம்தான் கயிறு. இதற்குப் படிகப் புலம் என்று பெயர்.

கூண்டு இறுக்கமாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு மாணிக்கக் கல்லே சாட்சி. மாணிக்கம் என்பது அலுமினியம் ஆக்சைடில் கொஞ்சம் குரோமியம். அலுமினியம் உட்காரும் இடம் சிறியது (அயனி ஆரம் சுமார் 0.054 நானோமீட்டர்). அதில் 0.062 அளவுள்ள குரோமியத்தைத் திணித்திருக்கிறது இயற்கை. விளைவு, 694 நானோமீட்டரில் ஊசி மாதிரி மெல்லிய சிவப்பு ஒளி. 1960இல் உலகின் முதல் லேசர் அந்த ஊசியை வைத்துத்தான் பிறந்தது. நமக்கு ஊசி வேண்டாம், அகலம் வேண்டும்.

கூண்டைத் தளர்த்த வேண்டும். அலுமினியத்தின் இடத்தில் காலியம் என்ற உலோகத்தை வைக்கலாம், அது குரோமியத்தின் அளவே இருக்கும். இன்னும் தளர வேண்டுமா, ஸ்காண்டியம் என்ற இன்னொரு உலோகத்தை வைக்கலாம், அதன் ஆரம் 0.075. இப்படித் தளரத் தளர ஒளி நீண்ட அலைநீளத்துக்கு நகரும், ஊசி விரிந்து நூறு நானோமீட்டருக்கு மேல் அகலமான மேடாகும். காலியம் ஆக்சைடு வீட்டில் மேட்டின் உச்சி 720-730 பக்கம். கால்சியம் ஸ்காண்டியம் சிலிகேட் வீட்டில் 770 பக்கம். ஸ்காண்டியம் போரேட்டில் 800ஐத் தொடும்.

நான் அரைத்தது காலியம் சேர்ந்த ஒன்று. ஆக்சைடுகளை எடைபோட்டு அகேட் உரலில் ஒரு மணி நேரம் அரைத்து, அலுமினா மூசையில் (உலைக்குள் வைக்கும் பீங்கான் கிண்ணத்தில்) அழுத்தி, 1300 டிகிரிக்கு மேல் உலையில் ராத்திரி முழுக்க. காலையில் மூசையைத் திறந்தால் வெளிர் பச்சைக் கட்டி, அடைக்காய் போல இறுகி. அதைத் திரும்ப உடைத்து அரைத்து, நீல டார்ச்சை அடித்தால் கண்ணுக்கு ஏதோ மங்கலான கருஞ்சிவப்பு வால் மட்டும் தெரிந்தது. ஏமாந்து போனேன். பக்கத்து மேசை அக்கா நீலத்தை மறைக்கிற வடிகட்டியைக் கேமராவுக்கு முன்னால் பிடித்துக் காட்டினார். திரையில் பொடி கரி நெருப்பு மாதிரி ஜொலித்தது. அந்த ஒளி எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்திருக்கிறது, எங்களுக்குத்தான் அதைப் பார்க்கிற கண் இல்லை.

அதனால்தான் இந்த விளக்குகளை லூமெனில் அளக்க முடியாது. லூமென் மனிதக் கண்ணை வைத்துச் செய்த அளவு. எவ்வளவு பலமான அகச்சிவப்பு விளக்கானாலும் அதில் கிட்டத்தட்டப் பூஜ்யம் காட்டும். மில்லிவாட்தான் சரி.

சுருக்கமாக: நீல எல்.இ.டி.யின் மேல் குரோமியப் பொடி. குரோமியத்தின் கூண்டைத் தளர்த்தினால் ஒளி அகலமாகும், அகச்சிவப்புக்குள் நகரும்.

90 சதவீதம் என்றால் எதில் 90?

செய்திகளில் வரும் எண்ணைக் கொஞ்சம் நிறுத்தி விசாரிக்க வேண்டும். பொடி விழுங்கிய ஒளித்துகள்களில் எத்தனை அகச்சிவப்பாகத் திரும்பி வந்தன என்பது உள் திறன். பொடி மேல் விழுந்த மொத்தத்தில் எத்தனை திரும்பின என்பது வெளித் திறன். பெரும்பாலும் தலைப்பில் போடுவது முதலாவதை, ஏனென்றால் அதுதான் பெரிய எண்.

குரோமியத்துக்கு ஒரு பிறவிக் குறை. நீலத்தை விழுங்கும், ஆனால் சோம்பேறித்தனமாக விழுங்கும். அதற்குள் நடக்கும் எலக்ட்ரான் தாவலைக் குவாண்டம் விதி அநேகமாகத் தடுக்கிறது. தடை முழுமையாக இல்லாததால் ஏதோ நடக்கிறது. நூறு நீலத்துகள் விழுந்தால் நாற்பதைத்தான் விழுங்கியது என்று வைத்துக்கொள்வோம். உள் திறன் 90 என்றால் திரும்புவது 36. வெளித் திறன் 36 சதவீதம்.

அதோடு முடியவில்லை. கொல்லங்கோடு பஸ்ஸில் சில்லறை இல்லை என்று கையை விரிக்கிற கண்டக்டரைத் தெரியும் இல்லையா? ஒரு நீலத்துகளின் ஆற்றலை 276 ரூபாய் என்று வையுங்கள். 800 நானோமீட்டர் அகச்சிவப்புத் துகள் ஒன்றின் விலை 155 ரூபாய். ஒன்று கொடுத்தால் ஒன்றுதான் கிடைக்கும், மீதி 121 திரும்பாது, பொடிக்குள் சூடாகிப் போகும். இதற்கு ஸ்டோக்ஸ் இழப்பு என்று பெயர். எவ்வளவு உயர்ந்த பொடி செய்தாலும் இந்த 44 சதவீதம் கையை விட்டுப் போவது போவதுதான்.

நீல எல்.இ.டி. தன் மின்சாரத்தில் 60 சதவீதத்தை ஒளியாக்குகிறது என்று வைத்து, எல்லாவற்றையும் பெருக்கினால், ஒரு வாட் மின்சாரத்துக்குக் கையில் வருவது சுமார் 120 மில்லிவாட். '90 சதவீதப் பொடி'யின் கதை இது.

மேம்படுத்துவது என்றால் உண்மையில் என்ன செய்கிறார்கள்

விழுங்குவது குறைவு என்றால் குரோமியத்தைக் கூட்டினால் ஆயிற்று என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. இரண்டு மடங்கு போட்டேன், ஒளி குறைந்தது. கட்டட வேலையில் செங்கல்லைக் கைமாற்றிக் கைமாற்றி மேலே அனுப்புவார்கள் பாருங்கள், அது மாதிரி நெருங்கி உட்கார்ந்த குரோமியங்கள் ஆற்றலை ஒன்றிடமிருந்து இன்னொன்றுக்குத் தள்ளிவிடும். வரிசை நீளமானால் எங்கேயாவது ஒரு ஓட்டைக் கையில் செங்கல் விழும். படிகத்தில் உள்ள குறைகள்தான் அந்த ஓட்டைக் கைகள். அதனால் குரோமியத்தைக் கூட்டுவதற்கு முன்னால் குறைகளைக் குறைக்க வேண்டும். உலையில் கொஞ்சம் ஃபுளோரைடோ போரிக் அமிலமோ இளக்கியாகச் சேர்த்தால் அயனிகள் எளிதாக நகர்ந்து தங்கள் இடத்தில் உட்காரும், மணிகள் பெரிதாகத் தேறி வரும். பெரிய மணி ஒளியைக் கூடுதலாக விழுங்கும்.

இன்னொரு எதிரி, குரோமியமே வேஷம் மாறுவது. காற்றில் சூடாக்கினால் சில குரோமியங்கள் மூன்றுக்குப் பதில் நான்கோ ஆறோ எலக்ட்ரான்களை இழந்துவிடும். அவை நமக்கு வேண்டிய ஒளியைத் தராது, நாலாம் ரகம் வந்த ஒளியையே விழுங்கவும் செய்யும். ஆறாம் ரகம் விஷமும்கூட. அதனால் நைட்ரஜனில் கொஞ்சம் ஹைட்ரஜன் கலந்த வாயுவை உலைக்குள் ஓடவிட்டுச் சுடுகிறார்கள். என் முதல் மூன்று மூசைகள் பச்சைக்குப் பதில் அழுக்கு மஞ்சளாக வந்ததற்குக் காரணம், வாயுக் குழாயில் இருந்த ஒரு கசிவு. யாரும் ஒரு மாதம் கவனிக்கவில்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிய தலைவலி சூடு. எரியும் எல்.இ.டி.யின் மேல் பொடி 100 முதல் 150 டிகிரி வரை போகும். சூட்டில் படிகம் அதிர்கிறது. மேடு பள்ளமான ரோட்டில் டிவிஎஸ்ஸில் கட்டிய பால் கேன் தளும்புவது போல, குரோமியத்தின் ஆற்றல் ஒளியாகாமல் அதிர்வாகச் சிந்திவிடும். இதுவே வெப்பத் தணிப்பு. கூண்டு எவ்வளவு தளர்வோ அவ்வளவு தளும்பல். அகலமும் நீண்ட அலைநீளமும் கேட்டுக் கயிற்றைத் தளர்த்தினோம் இல்லையா, அதற்கு வட்டி இங்கே கட்ட வேண்டும். ஒன்றைப் பிடித்தால் இன்னொன்று நழுவுவதால்தான் இத்தனை வருடமாக இத்தனை ஆய்வுக்கூடங்கள் இதிலேயே இருக்கின்றன. அறை வெப்பத்தில் கிடைக்கும் ஒளியில் 150 டிகிரியில் எத்தனை சதவீதம் மிஞ்சுகிறது என்று ஒரு எண் கொடுப்பார்கள். நான் முதலில் தேடுவது அதைத்தான்.

இதற்கு எனக்குப் பிடித்த தீர்வு ஒரு தரகு ஏற்பாடு. இட்டர்பியம் என்ற அயனி 1000 நானோமீட்டர் பக்கம் ஒளிரும், சூட்டுக்கும் அவ்வளவு அசையாது, ஏனென்றால் அதன் ஒளிரும் எலக்ட்ரான்கள் வெளி ஓட்டுக்கு உள்ளே பதுங்கியிருக்கின்றன. ஆனால் அதற்கு நீலத்தை வாங்கத் தெரியாது. குரோமியத்துக்கு வாங்கத் தெரியும். இரண்டையும் ஒரே வீட்டில் வைத்தால் குரோமியம் நீலத்தை வாங்கி, தளும்பிச் சிந்துவதற்குள் இட்டர்பியத்திடம் கைமாற்றிவிடும். சூட்டில் ஒளி நிற்கும், அகலமும் 1000க்கு அப்பால் நீளும். தண்ணீரின் 970ஐப் பார்க்க வேண்டிய மாங்காய் மீட்டருக்கு இது வரம்.

பொடியைச் சிலிக்கோன் பசையில் குழைத்துத் தடவுவதை விட்டுவிட்டு, அப்படியே சுட்டு ஒளி ஊடுருவும் பீங்கான் தகடாக்குவதும் உண்டு. பசையைவிடத் தகடு பல மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும்.

விலையையும் சொல்லிவிடுகிறேன். நல்ல தளர்வான கூண்டுகள் பலவற்றுக்கும் ஸ்காண்டியம் வேண்டும், அது விலை உயர்ந்தது. அதில்லாமல் அதே தளர்வைத் தரும் வீட்டைத் தேடுவது இன்னொரு வேட்டை.

சரி, இதுவரை: குறைகளைக் களை, குரோமியத்தை மூன்றிலேயே நிறுத்து, சூட்டில் சிந்தாமல் பார்த்துக்கொள். ஒவ்வொன்றும் மற்றதை இழுக்கும்.

மண்டிக்கு எப்போது வரும்?

பெரியவர் கேட்டது இதைத்தான். இது ஏற்கெனவே கடைக்கு வந்துவிட்டது. ஆஸ்ராம் நிறுவனம் 2016இல், நீலச் சில்லின் மேல் பாஸ்பர் வைத்த அகன்ற அகச்சிவப்பு எல்.இ.டி. ஒன்றை வெளியிட்டது. 1050 நானோமீட்டர் வரை போகும், விரல் நகத்தைவிடச் சிறியது, உணவுப் பொருள்களைச் சோதிக்கவென்றே. கையடக்க மீட்டரில் இருக்கும் ஹாலஜனோடு ஒப்பிட்டால் இதன் ஒளி குறைவுதான். அந்தக் குறையை அடைக்கத்தான் மேலே சொன்ன மல்லுக்கட்டு எல்லாம். சிலிக்கன் உணரி பார்க்க முடிகிற எல்லையான 1100க்கு அப்பால் போக வேண்டுமென்றால் நிக்கல் போன்ற வேறு வாடகைக்காரர்கள் வேண்டும், விலை கூடிய வேறு உணரியும் வேண்டும். அது தனிக் கதை.

நான் சொல்லி முடித்தபோது பெரியவர் தகரக் கூரையை அண்ணாந்து பார்த்தார். மார்ச் மாத மதியம், கொட்டகைக்குள் நிற்க முடியவில்லை.

"அப்போ உங்க பொடி இந்தத் தகரத்துக்கு அடியில வேலை செய்யோணுமுங்க மாஷே" என்றார். அப்புறம் பையன் அளந்து வைத்த காயை எடுத்து வாளியில் போட்டார். நேராக அடியில் போய் உட்கார்ந்தது.